ஐந்தாம் வார்டு ஏகமனதாகத் தீர்மானித்தது

எங்கள் ஐந்தாம் வார்டில் ஜனநாயகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடைபெறும். மூன்று மணிக்குத் தொடங்கி மூன்றே முக்காலுக்கு முடியும். நடுவில் பருப்புவடையும், பால் சேர்க்காத கட்டஞ்சாயாவும் உண்டு.

நடைபெறும் இடம் வாசகசாலைக் கூடம். அதன் சாவி பதினெட்டு வருடமாக என்னிடம் இருக்கிறது. நாற்காலி போடுவதும் எடுப்பதும் என் பொறுப்பு. நாற்காலி போடுகிறவனால் ஆட்களை எண்ணாமல் இருக்க முடியாது. அதனால் இங்கே நான் சொல்லும் எண்கள் எல்லாம் எண்ணிப் பார்த்தவை.

சட்டப்படி இந்தக் கூட்டத்துக்குக் கிராம சபை என்று பெயர். வார்டில் உள்ள வாக்காளர்கள் எல்லோரும் இதன் உறுப்பினர்கள். பத்தில் ஒரு பங்குப் பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். எங்கள் வார்டில் வாக்காளர்கள் ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு பேர். பத்தில் ஒரு பங்கு என்பது நூற்று முப்பத்தெட்டு முழு ஆளும் ஒரு அரை ஆளுக்குச் சற்று மேலும். ஆளை வெட்ட முடியாது என்பதால் நூற்று முப்பத்தொன்பது.

நான் பார்த்ததில் மிக அதிகமாக வந்தவர்கள் இருபத்தேழு பேர். அது கோழிக்குஞ்சு கொடுத்த வருடம். ஆனால் பதிவேட்டில் எல்லாக் கூட்டத்துக்கும் நூற்று முப்பத்தொன்பது பேர் வந்திருக்கிறார்கள். ஒருமுறைகூட நூற்று நாற்பது ஆனதில்லை. அவ்வளவு கட்டுப்பாடான மக்கள் நாங்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. சபைக்கு ஒரு வாரம் முன்பே பதிவேடு கிளம்பிவிடும். எங்கள் மெம்பர் சுகதன் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கும், மகளிர் குழுக் கூட்டத்துக்கும், சாயாக்கடைக்கும் போவார். கையெழுத்து கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. துபாயில் இருக்கும் பிள்ளைகளுக்காக அவர்களுடைய அம்மாக்கள் போடுவார்கள். கையெழுத்துப் போட்டபின் கூட்டத்துக்கும் போவது, தபாலில் அனுப்பிய கடிதத்தை மறுபடி எழுதி எடுத்துக்கொண்டு நேரிலும் போவது மாதிரி என்று எங்களுக்கு ஒரு எண்ணம்.

ஜனநாயகத்தில் எங்களுக்கு அக்கறை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சாயாக்கடையில் காலை ஆறரைக்கே பிரான்ஸ் தேசத்துத் தேர்தலை அலசத் தொடங்கிவிடுவோம். அங்கே பாதி ஜனங்கள் ஓட்டுப் போட வரவில்லை என்று கேள்விப்பட்டபோது, படகு ஓட்டும் குஞ்ஞப்பன் மனம் நொந்து வடையைக் கீழே வைத்துவிட்டான்.

"இதெல்லாம் ஒரு நாடா?" என்று கேட்டான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஐந்தாம் வார்டில், ஏலிக்குட்டி ஒரு பாலம் கேட்டாள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பதினொரு வீடுகள். நடுவில் மூன்று தென்னந்தடிகளைச் சேர்த்துக் கட்டிய பாலம். அதில் ஒன்று உளுத்துவிட்டது. மற்ற இரண்டும் அதைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கின்றன. ஏலிக்குட்டியின் புருஷன் பவுலோசுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, இரண்டு பேர் பாலத்தின்மேல் முன்னும் பின்னுமாகத் தூக்குவார்கள். இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பக்கத்தில் தாங்கிக்கொண்டு நடப்பார்கள்.

"மந்திரிக்குக்கூட ரெண்டு பக்கமும் தண்ணியில ஆள் நடக்க மாட்டாங்கடா," என்று பவுலோஸ் மேலே இருந்து சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை, முன்னால் தூக்கிய குஞ்ஞப்பனின் கால் உளுத்த தடிக்குள் முழங்கால்வரை போய்விட்டது. நாற்காலி சாய்ந்தது. தண்ணீரில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அன்று பவுலோஸ் ஜோக் எதுவும் சொல்லவில்லை. மறுநாளே ஏலிக்குட்டி பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். துணைக்கு நான் போனேன். போனேன் என்றுதான் சொல்ல முடியும். ஆபீசில் எனக்குப் பேச வராது.

எங்கள் வார்டின் ஜனநாயகத்துக்குப் பொறுப்பான அதிகாரி, தலைமை எழுத்தர் உண்ணித்தான். நல்ல மனிதர். எவ்வளவு அவசரம் என்றாலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் பேசுவார். ஏலிக்குட்டி சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு தீர்மானப் புத்தகத்தைத் திறந்தார்.

"ஏலிக்குட்டி சேச்சி, பாலம் இப்ப முக்கியம் இல்லன்னு நீங்களே தீர்மானம் போட்டிருக்கீங்களே?"

"நானா?"

"வாசிக்கிறேன். 'ஐந்தாம் வார்டின் முதன்மைத் தேவை யாது என்பது பற்றி நூற்று முப்பத்தொன்பது உறுப்பினர்களும் விரிவாகவும் ஆழமாகவும் விவாதித்து, பன்னிரண்டு அடி உயரத்தில் ஜனநாயக விரல் ஒன்றை நிறுவுவதே என ஏகமனதாகத் தீர்மானித்தனர்.' எழுபத்திரண்டாவது கையெழுத்து உங்களோடது."

"அது சுகதன் வேலை நடக்கிற எடத்துக்குக் கொண்டாந்தான் சார். மண்வெட்டியைக் கீழ வெச்சுட்டுப் போட்டேன்."

"மேல என்ன எழுதியிருக்குன்னு பார்க்க வேண்டாமா?"

"அப்ப ஒண்ணுமே எழுதலையே."

"எப்படி எழுத முடியும் சேச்சி? முதல்ல ஜனங்க, அப்புறம்தான் தீர்மானம். கையெழுத்தே இல்லாம தீர்மானம் எழுதினா அது சர்வாதிகாரம் ஆயிடும்."

விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருடம் எங்கள் பஞ்சாயத்தில் விரல் பரவிக்கொண்டிருந்தது. ஓட்டுப் போட்டு மை வைத்த ஆள்காட்டி விரல், ஃபைபரில் செய்தது, வார்டின் நுழைவாயிலில் நிற்கும். அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். நான்காம் வார்டு விரல் ஒன்பது அடி. இரண்டாம் வார்டு விரலில் நகம் மட்டும் ஊதா நிறத்தில் எரியும். கல்யாணம் ஆன ஜோடிகள் கோயிலுக்குப் போகும் முன் அங்கே போகத் தொடங்கிவிட்டார்கள்.

"நம்ம வார்டு மட்டும் விரல் இல்லாம நின்னா, மத்த மெம்பருங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது?" என்று சுகதன் பிறகு ஏலிக்குட்டியிடம் கேட்டார். அவர் கேட்டதில் கள்ளம் இல்லை. உண்மையாகவே தூக்கம் வராமல் இருந்திருக்கிறார்.

ஆபீசுக்குத் திரும்புவோம். ஏலிக்குட்டி கேட்டாள்: "சரி சார், இத எப்படி மாத்துறது?"

"ரொம்ப சுலபம்," என்றார் உண்ணித்தான். "அடுத்த சபைக்கு நூத்து முப்பத்தொன்பது பேர் நேர்ல வந்து, பாலம் வேணும்னு கையைத் தூக்கட்டும். அன்னிக்கே மாத்திடலாம். ஜனங்க சொன்னா நான் யாரு மறுக்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சந்திரனை இறக்கிக்கொண்டு வா, பாலம் தருகிறேன் என்பதை மரியாதையாகச் சொன்னால் அப்படித்தான் இருக்கும். ஏலிக்குட்டிக்கு அது புரியவில்லை. ஆபீசில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

பதினொரு நாட்கள் வீடு வீடாக நடந்தாள். வேலைக்குப் போகும் முன் ஒரு பத்து வீடு, வந்தபின் ஒரு பத்து வீடு. சாயாக்கடைக்குள்ளும் நுழைந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மூணு மணி. சபை. எல்லாரும் வரணும்."

"ஏன் சேச்சி, சுகதேட்டன் நேத்தே கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரே?" என்றான் குஞ்ஞப்பன்.

"கையெழுத்து வந்தா போதாது. நீ வரணும்."

"நானுமா? ரெண்டும் எதுக்கு?"

"அடுத்த தடவை பாலத்துல கால் உள்ள போறது உன் கையெழுத்தோட கால் இல்ல. உன் கால்."

குஞ்ஞப்பன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டு, வருகிறேன் என்றான். பிறகு அவனே நாலு பேரிடம் சொன்னான். ஒருவர் போகிறார் என்றால் மற்றவர் போகாமல் இருப்பது நன்றாக இருக்காது அல்லவா? அப்படியே பரவியது. இதற்கிடையில் சுகதனின் துணிப்பையும் வழக்கம்போல் வார்டைச் சுற்றி வந்து, நூற்று முப்பத்தொன்பதோடு நிறைந்துவிட்டது. ஏலிக்குட்டி மட்டும் அதில் போடவில்லை. நேரில் வந்து போடுகிறேன் என்றாள்.

சனிக்கிழமை என்னிடம் வந்தாள்.

"சேட்டா, எத்தனை நாற்காலி இருக்கு?"

"அறுபது. ரெண்டுக்குக் கால் இல்ல."

"மாதா கோயில் ஹால்ல கேளுங்க."

தொண்ணூறு நாற்காலி கடன் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்கு அங்கே ஞானஸ்நான விருந்து. ஐந்து மணிக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். கூட்டம் மூன்றே முக்காலுக்கு முடிந்துவிடும் என்று நானும் கண்டிப்பாகச் சொன்னேன்.

ஞாயிறு இரண்டரைக்கே வரத் தொடங்கினார்கள். கதவருகே நின்று எண்ணினேன். என்னையும் சேர்த்து நூற்று நாற்பத்தேழு. ஒரு நாற்காலி மீந்தது.

உண்ணித்தான் ஆட்டோவிலிருந்து இறங்கினார். வாசலில் செருப்புகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார்:

"யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகல சார். எல்லாரும் வந்திருக்காங்க."

"எதுக்கு?"

"சபைக்கு."

அவர் சுகதனைப் பார்த்தார். சுகதன் வடைப் பொட்டலத்தைப் பார்த்தார். முப்பது வடைதான் இருந்தது.

கூட்டம் ஆரம்பமானது. ஏலிக்குட்டி எழுந்து நின்றாள். பேச்சு நாலே வரிதான். அந்தப் பக்கம் பதினொரு வீடு. நடக்கிறவர்களுக்கே கால் வழுக்குகிறது. பவுலோசை எத்தனை நாள் தண்ணீரில் தாங்குவீர்கள். விரல் அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்துவிட்டாள். பாலம் வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்று உண்ணித்தான் சொன்னார். கூடம் முழுக்கக் கைகள். நானும் தூக்கினேன். இவ்வளவு கைகளை ஒரே இடத்தில் பார்த்த சுகதன், பயத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். எண்ணும்போது ஒன்றாகத்தான் எண்ணினேன். நூற்று நாற்பத்தேழு.

"பாலம் ஆயிடுச்சு!" என்றான் குஞ்ஞப்பன்.

"பொறுங்க," என்றார் உண்ணித்தான். பதிவேட்டை எடுத்து, வந்தவர்கள் பெயரையெல்லாம் கேட்டு, ஒவ்வொன்றாக டிக் செய்தார். அதற்கே அரைமணி ஆனது.

"இன்றைய சபையில் வருகை தந்துள்ள உறுப்பினர்கள் நூற்று முப்பத்தொன்பது," என்று வாசித்தார். "அதுல அறுபத்தொரு பேர் இங்க இருக்காங்க."

"மீதி நாங்கள்லாம்?" என்றாள் ஏலிக்குட்டி.

"நீங்க எண்பத்தாறு பேரும் பதிவேட்டுல இல்ல. அதனால பார்வையாளர்கள். தாராளமா உட்காரலாம். கைதான் தூக்கக் கூடாது."

"நானே பார்வையாளரா?"

"நீங்க முதல் வரிசைப் பார்வையாளர் சேச்சி. சரி, வருகை நூத்து முப்பத்தொன்பது. ஆதரவு அறுபத்தொண்ணு. மீதி எழுபத்தெட்டு பேர் கை தூக்கல. கை தூக்காதவங்க எதிர்ப்பு. பாலம், பதினேழு ஓட்டு வித்தியாசத்துல தோல்வி."

"அந்த எழுபத்தெட்டு பேரும் வரவே இல்லையே சார்!"

"வந்திருக்காங்க. கையெழுத்து இருக்கே. வராம எப்படிக் கையெழுத்து வரும்?"

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "அதுல எங்க அப்பா சங்குண்ணி பேரு இருக்கு. அவரு போன சித்திரையில செத்துட்டாரு!"

உண்ணித்தான் பார்த்தார். "ஆமா, இருக்கு. அவரும் எதிர்ப்புதான்."

"எங்கப்பா உயிரோட இருந்தவரைக்கும் ஒருத்தரையும் எதிர்த்ததில்ல சார்!"

கூடம் கொதித்தது. பிரான்ஸ் தேசத்தில்கூட இப்படி நடக்காது என்று குஞ்ஞப்பன் சொன்னான். எனக்குத் தெரிந்து அவன் பிரான்சைப் பாராட்டியது அன்றுதான். ஏலிக்குட்டி மட்டும் கத்தவில்லை. மேசைக்கு வந்து பதிவேட்டின்மேல் கையை வைத்தாள்.

"இந்தப் பக்கத்தைக் கிழிங்க சார். இங்க இருக்கிறவங்க புதுசாப் போடட்டும்."

"அரசு ஆவணத்தைக் கிழிக்க முடியாது. வேணும்னா ரத்து செய்யலாம்."

அதையும் ஒழுங்காகவே செய்தார். சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு, 'மேற்கண்ட வருகையாளர்கள் வருகை தராத காரணத்தால் அவர்களது வருகை ரத்து செய்யப்படுகிறது' என்று எழுதினார். புதிய பக்கத்தைத் திறந்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். இதுதான் மக்கள் சக்தி என்று யாரோ சொன்னார்கள். அப்போது மணி மூன்று ஐம்பது.

வரிசை நின்றது. பேனா ஒன்று. ஒவ்வொருவரும் பெயர், வீட்டு எண், வாக்காளர் வரிசை எண், கைபேசி எண் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆளுக்கு அரை நிமிடம். வரிசை எண் தெரியாதவர்களுக்கு ஏலிக்குட்டி வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று பட்டியலில் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஆள் கையெழுத்துப் போட்டார். பேனாவைக் கொடுத்தார். நேராக நடந்து வெளியே போனார்.

இரண்டாவது ஆளும் போனார்.

அதில் யாரும் எதையும் தப்பாக நினைக்கவில்லை. கையெழுத்துப் போட்டால் சபை முடிந்தது என்பது எங்கள் கால்களுக்கே தெரியும். ஒருத்திக்குப் பால் கறக்க வேண்டும். ஒருவருக்கு நாலு இருபது பஸ். கை தூக்கியாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று. ஜனநாயகத்துக்கு இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்வது? குஞ்ஞப்பன் போகும்போது என்னைப் பார்த்து, "ஜெயிச்சுட்டோம் சேட்டா," என்று கட்டை விரலைக் காட்டினான்.

உண்ணித்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் அவரைப் பார்த்தபோது, "வெளியே போறதும் அவங்க உரிமைதானே?" என்றார்.

நான் ஏலிக்குட்டியிடம் சொல்லியிருக்கலாம். வரிசையில் அவளுக்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள். கூட்டத்தில் குரல் எழுப்பி எனக்குப் பழக்கம் இல்லை. தவிர ஐந்து மணிக்குள் நாற்காலி போய்ச் சேர வேண்டும். ஆட்கள் எழுந்துபோன நாற்காலிகள் சும்மா கிடந்தன. நடுவே என் முறை வந்தபோது கையெழுத்தும் போட்டேன். பத்துப் பத்தாக அடுக்கித் தள்ளுவண்டியில் ஏற்றினேன். மூன்று நடை ஆனது.

மூன்றாவது நடை முடிந்து நான் திரும்பியபோது மறு ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருந்தது. கூடத்தில் முப்பத்தொரு கைகள் இருந்தன. அதில் என் கை இல்லை.

"வருகை நூத்து நாப்பத்தேழு," என்றார் உண்ணித்தான். "ஆதரவு முப்பத்தொண்ணு. எதிர்ப்பு நூத்துப் பதினாறு."

ஏலிக்குட்டி அப்போதுதான் திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள்.

"அவங்கள்லாம் நான் கூட்டிட்டு வந்தவங்க சார்."

"அதுதான் சேச்சி இதுல அழகு. எதிர்க்கிறவங்களையும் நீங்களே வீடு வீடாப் போய்க் கூட்டிட்டு வந்தீங்க. என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஜனநாயகத்தைப் பார்த்ததில்ல." அவர் கேலி செய்யவில்லை. கண்ணாடியைத் துடைத்தபோது கண்ணும் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது.

இரண்டு வாரத்தில் எங்கள் வார்டுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. கிராம சபைக்கு இவ்வளவு பேர் நேரில் வந்தது மாவட்டத்திலேயே இங்கேதானாம். கையெழுத்திட்ட அனைவரும் உயிருடன் இருப்பது தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. பத்திரத்தை வாசகசாலைச் சுவரில் மாட்டினோம். சாயாக்கடையில் இரண்டு நாள் வேறு எந்த நாட்டைப் பற்றியும் பேச்சு எழவில்லை. வழியில் ஏலிக்குட்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும், "பாலம் எப்ப வருது சேச்சி? நாங்கதான் வந்து போட்டுட்டோமே!" என்று கேட்டார்கள். இந்த வருடம் இல்லை, தோற்றுவிட்டது என்றாள். அடப்பாவிகளே என்று அவர்களும் வருத்தப்பட்டார்கள்.

நான் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். குஞ்ஞப்பன் ஒன்பதாவது. தண்ணீரில் நாற்காலி தாங்குகிறவர்களில் தம்பி என்று பெயருள்ளவன் நாற்பது, அப்து நாற்பத்தொன்று. நான் நூற்றுப் பன்னிரண்டாவது.

அந்த வெள்ளிக்கிழமை பின்னால் தூக்குகிறவனுக்குக் காய்ச்சல். அப்து மேலே ஏறிக்கொள்ள, அவன் இடத்தில் நான் தண்ணீரில் இறங்கினேன். மழை பெய்திருந்ததால் மார்பளவு இருந்தது. பவுலோஸ் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ஏலிக்குட்டி ஆஸ்பத்திரிப் பையோடு முன்னால் போய், அடுத்த கரையில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்தின் நடுவில் உளுத்த தடி ஒருமுறை முனகியது. எல்லோரும் நின்றோம்.

"நூத்துப் பதினாறு பேரு," என்றான் குஞ்ஞப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு. "இந்த மனுஷன இப்படிப் பார்த்தும் பாலம் வேணாம்னு சொல்ல மனசு வந்துதே. யாருன்னு ஒரு பேரு சொல்லு சேச்சி. இன்னிக்கே போய் ரெண்டுல ஒண்ணு கேக்குறேன்."

ஏலிக்குட்டி எங்கள் நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இப்ப கைய இறுக்கிப் பிடிங்க," என்றாள். "முதல்ல இவரு இந்தக் கரைக்கு வந்து சேரட்டும். அப்புறம் நாலு பேரு சொல்றேன்."